பெட்டிக்கு இருக்கிற காவல் பாஸ்புக்குக்கு இல்லை

இந்த எபிசோட்ல ஒரே ஒரு இலக்கத்தைப் பத்திப் பேசப் போறோம்.

மீஞ்சூர் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் லாரிகள், மேல கன்டெய்னர். ஒவ்வொரு கன்டெய்னர்லயும் நாலு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள தனியா இன்னொரு இலக்கம் இருக்கும். கட்டத்துக்குள்ள இருக்கிறதுதான் செக் டிஜிட், சோதனை இலக்கம். பெட்டிக்குள்ள என்ன இருக்கு, யாருக்குப் போகுதுன்னு அது சொல்லாது. முன்னாடி இருக்கிற பத்தும் சரியா எழுதப்பட்டிருக்கான்னு மட்டும் சொல்லும்.

எண்ணைப் பார்த்து டைப் பண்ணும்போது நாம பண்ற தப்புகள்ல ரெண்டு வகை ரொம்ப சகஜம். ஒரு இலக்கம் வேறயா விழும், 3 அடிக்க வேண்டிய இடத்துல 8. இல்லைன்னா அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு இலக்கம் இடம் மாறும், 43 அடிக்கப் போய் 34.

எல்லா இலக்கத்தையும் சும்மா கூட்டிப் பார்த்தா முதல் வகை மாட்டும். ரெண்டாவது வகை தப்பிச்சுடும், ஏன்னா 4+3, 3+4 ரெண்டும் 7 தான். அதனால ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எடை கொடுக்கறாங்க. கன்டெய்னருக்கான ஐஎஸ்ஓ 6346 விதியில அந்த எடை 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகி 512 வரை போகும். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு.

இந்த விதியை விளக்க வழக்கமா எடுக்கிற எண்: சி எஸ் க்யூ யூ 305438. எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. எல்லாத்தையும் எடையோட பெருக்கிக் கூட்டினா 6185. அதை 11-ஆல் வகுத்தா மீதி 3. அதுதான் சோதனை இலக்கம். இப்போ 43-ஐ 34 ஆக்குங்க. கூட்டுத்தொகை 6313 ஆகும், மீதி 10. ஒரு கட்டத்துல 10 எழுத முடியாதே, அதனால 0 போடணும்னு விதி. பெட்டியில இருக்கிறது 3. கணினி அங்கேயே நிறுத்திடும்.

இதுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. மீதி 0 வந்தாலும் 0, 10 வந்தாலும் 0. சில தப்புகள் அந்த வழியா நழுவலாம். அதனால மீதி 10 வர்ற எண்களைப் பெட்டிகளுக்கு வைக்காம இருப்பதே நல்லதுன்னு பரிந்துரை.

சரி, அதே துறைமுகத்துக்கு வடக்கே பழவேற்காடு வரைக்கும் மீனவ கிராமங்கள். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதுக்கு அரசு கொடுக்கிற 8,000 ரூபாய் நிவாரணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போகுது. இந்த மாதிரி எந்த உதவித்தொகைக்கும் நாம டைப் பண்ற எண்களை எடுத்துப் பாருங்க.

ஆதார் எண்ணுக்குக் காவல் இருக்கு. 12 இலக்கத்துல கடைசி ஒண்ணு சோதனை இலக்கம். 1969-ல் வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் கொடுத்த முறை அது. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் விடாம பிடிக்கும்.

ஆனா பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண்? ஸ்டேட் பேங்க்ல 11 இலக்கம், ஐசிஐசிஐ-ல் 12, எச்டிஎஃப்சி-ல் 14. ஒரு வங்கி தனக்குள்ள சோதனை இலக்கம் வெச்சிருந்தாலும், எல்லா வங்கிக்கும் பொதுவான விதி கிடையாது. துபாய்க்குப் பணம் அனுப்பினவங்களுக்குத் தெரியும், அங்க ஐபேன் எண்லயே ரெண்டு சோதனை இலக்கம் இருக்கு. இங்க ஃபார்ம் எழுதற ப்ரோக்ராமருக்கு அப்படி ஒரு பிடி இல்லை.

மெயின் சிக்கலே இனிமேதான். நெஃப்ட்ல கணக்கு எண்ணை மட்டும் வெச்சே பணத்தை வரவு வைக்கலாம்னு ரிசர்வ் வங்கி 2010-லயே சொல்லியிருக்கு. பெயர் பொருந்தணும்னு இல்லை. தப்பான எண்ணுல கணக்கே இல்லைன்னா பணம் திரும்பி வரும். வேற யாரோ ஒருத்தர் கணக்கு இருந்தா அவருக்குப் போயிடும். கடலுக்குப் போகாத மாசத்துல அந்தத் தாமதத்தை வட்டிக்கு வாங்கித்தான் சமாளிக்கணும்.

சோதனை இலக்கம் எல்லாத்துக்கும் மருந்தும் இல்லை. அண்ணனோட ஆதார் இருக்க வேண்டிய இடத்துல தம்பியோட ஆதாரைத் தப்பில்லாம டைப் பண்ணினா, கணக்கு ஒத்துப்போகும். எண் சரியான எண்ணான்னு அது சொல்லும்; சரியான ஆளோடதான்னு சொல்லாது. அதுக்குப் பெயர் வேணும். அதனாலதான் 2025 ஏப்ரல் 1-க்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதி தரணும்னு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது.

ஃபார்ம் எழுதற நண்பர்களுக்கு மூணு விஷயம். ஆதார் சோதனையை டைப் பண்ற இடத்துலயே பண்ணுங்க. அதுக்கு சர்வரும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். அந்தக் குடும்பம் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போதே தப்பு தெரிஞ்சா, கார்டைப் பார்த்து ஒரு நிமிஷத்துல திருத்திடலாம். கணக்கு எண்ணை ரெண்டு தடவை கேட்கறீங்கன்னா, ரெண்டாவது பெட்டியில பேஸ்ட் பண்ண விடாதீங்க. பெரிய தொகைக்கு முன்னாடி ஒரு ரூபாய் அனுப்பி, வர்ற பெயரைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.

காட்டுப்பள்ளி வழியா போற காலிப் பெட்டிக்கும் அந்தக் காவல் உண்டு. அதுக்கு ஆகிற செலவு ஒரே ஒரு இலக்கம். 8,000 ரூபாய்க்காகக் காத்திருக்கிற பாஸ்புக்குக்கு அது இல்லாத வரைக்கும், அந்த வேலையை நாம எழுதற ஃபார்ம்தான் செய்யணும்.