கையெழுத்துக்குப் பின்: பாதரசமும் உள்நாட்டுச் சட்டமும்



வரவேற்பும் வாழ்த்தும் நிறைவாக நடந்துவிட்டன. நான் நேரே ஜப்பானுக்குப் போகிறேன்.

அங்குள்ள மினமாட்டா ஊரின் துயரத்தை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் மீனுக்குள் போனது. அந்த மீனை உண்ட மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். உணவுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் மினமாட்டா விரிகுடா மீனைத் தடைசெய்யலாமா என்று 1957-இல் அவ்வூர் அடங்கிய குமாமோட்டோ மாகாண நிர்வாகம் கேட்டது. அங்குள்ள எல்லா மீனும் நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகவே சட்டம் பொருந்தாது என்று நலவாழ்வு அமைச்சகம் பதில் எழுதியது. 1958-இல் நீரின் தரத்தைக் காக்க ஒன்று, ஆலைக் கழிவுநீரை ஒழுங்குபடுத்த ஒன்று என இரண்டு சட்டங்கள் வந்தன. ஒரு நீர்ப்பரப்புக்கு அவை செல்ல வேண்டுமானால் அரசு அதைக் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். மினமாட்டாவுக்கு அந்த அறிவிப்பு 1969-இல் வந்தது. பாதரசக் கழிவை உண்டாக்கிய உற்பத்தியை ஆலை 1968 மே மாதமே நிறுத்தியிருந்தது! கையிலிருந்த அதிகாரத்தை 1960 தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தியிருக்க வேண்டும், பயன்படுத்தாததால் அரசும் மாகாணமும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2004.

ஆக, அந்த ஊரில் சட்டத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. எடுத்து நடத்தத்தான் ஆளில்லை.

அந்த ஊரின் பெயரைத் தாங்கிய உடன்படிக்கை 2013 அக்டோபரில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014-இல் கையெழுத்திட்டு 2018 ஜூனில் ஏற்புறுதி செய்தது. இந்த உடன்படிக்கைக்குச் சொந்தமாக ஓர் ஆய்வாளர்கூடக் கிடையாது. 15-ஆம் பிரிவின்படி அமைந்த குழு நாடுகளுக்குத் துணைநிற்குமே தவிரத் தண்டிக்காது. பாதரச வெப்பமானித் தயாரிப்பை நிறுத்துவதும், புகைபோக்கியை அளப்பதும், கழிவைப் பூட்டி வைப்பதும் அந்தந்த நாட்டின் சட்டத்தின் வேலை. ஜப்பான் 2015-இல் பாதரசத்துக்கென்றே தனிச்சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டுதான் உடன்படிக்கையில் இணைந்தது. நாம் அப்படிச் செய்யவில்லை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த தீங்குதரும் கழிவு விதிகள், மருத்துவக் கழிவு விதிகள், மின்னணுக் கழிவு விதிகளுமே நமக்குத் துணை. முகப்பூச்சுக் கிரீமில் பாதரசம் இருந்தால் அது சுகாதாரத் துறையின் பாடு.

தனிச்சட்டம் இல்லையே என்று வருந்துகிறவன் அல்லன் நான். 1986 சட்டமே, பன்னாட்டு ஒப்பந்தங்களையும் மாநாட்டு முடிவுகளையும் நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 253-ஆம் பிரிவின் துணையோடு, 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளைச் செயல்படுத்த வந்ததுதான். காஸ்டிக் சோடா ஆலைகள் பெரும்பாலும் பாதரச முறையைக் கைவிட்டதற்குப் பின்னால் இருந்தது 2003-இல் அரசும் தொழில்துறையும் சேர்ந்து வகுத்த ஒரு சாசனம். அது சட்டம்கூட அல்ல. எந்தக் கடமை யார் மேசையில், எந்தத் தேதிக்குள் என்பது தெளிவானால் பழைய சட்டமே போதும்.

தெளிவாகாத இடம் நிலக்கரி. அனல்மின் நிலையப் புகையில் கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்று 2015 டிசம்பர் அறிவிக்கை சொல்கிறது. ஏற்கெனவே இயங்கும் நிலையங்களின் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளுக்கு உடன்படிக்கை பத்தாண்டு தருகிறது. நமக்கு அது 2028-இல் முடியும். கந்தக டை ஆக்சைடை நீக்கும் கருவி புகையிலுள்ள பாதரசத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கருவியைப் பொருத்துவதிலிருந்து பெரும்பாலான அலகுகளுக்கு 2025 ஜூலையில் விலக்குக் கிடைத்தது. கந்தகத்துக்காக எடுத்த முடிவு பாதரசக் கணக்கையும் தொடும் என்பதை யார் கவனிக்க வேண்டும்? ஒரே அமைச்சகத்துக்குள் இருக்கும் இரண்டு கோப்புகள்தாமே இவை.

இனி நம் கொடைக்கானல் ஆலை. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வெப்பமானி ஆலை அது. 2001-இல் பாதரசம் ஒட்டிய உடைகண்ணாடி காயலான் கடையில் கிடந்ததை மக்கள் வெளிக்கொணர்ந்த பிறகு மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது. மண் மட்டும் அங்கேயே கிடந்தது. எந்த அளவுக்குச் சுத்தப்படுத்தினால் போதும் என்பதே வழக்காயிற்று. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு ஏற்கப்பட்டது; பாம்பார் சோலையை ஒட்டிய நிலத்துக்கு அது போதாது என்று மக்கள் அமைப்புகள் வாதாடின. எனக்கும் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது.

இங்கே மினமாட்டா உடன்படிக்கையும் கைகொடுக்காது. பொருள்களுக்கும் ஆலைகளுக்கும் நாள் குறித்துக் கட்டளையிடும் அது, மாசடைந்த நிலம் பற்றிய 12-ஆம் பிரிவில் முயற்சி செய்யுங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. உடன்படிக்கை தளர்ந்த இடத்தில் உள்நாட்டுச் சட்டம் இறுக வேண்டும். மாசடைந்த இடங்களுக்கென 2025 ஜூலையில் விதிகள் வந்திருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் ஐயத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும்; முதற்கட்ட ஆய்வுக்கு 90 நாள், விரிவான ஆய்வுக்கு மேலும் மூன்று மாதம்; மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். வரவேற்கிறேன். ஆனால் மாசு உறுதியான நிலத்தை எத்தனை ஆண்டுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்று அந்த விதிகள் நாள் குறிக்கவில்லை.

பிற்பகல் அமர்வில் கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த விதிகளின் நிறைகுறைகளைப் பேசுவதோடு நில்லாமல், காலக்கெடு வைக்கும் திருத்தத்தின் வாசகத்தையும் எழுதுங்கள். மாலைக்குள் வரைவு கைக்கு வந்தால், நாளைக் காலை தீர்மான அமர்வில் முதலில் அதையே எடுத்துக்கொள்ளலாம். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.