மண்ணில் கிடந்த கிருமி மருந்து பாட்டிலுக்குள் வந்தது எப்படி?

(தருவைகுளத்தில் ஆற்றிய உரை)



பல்வலிக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் மூளை நோய் கண்டு மாண்டார் என்றால் நம்புவீர்களா? தோல் பதனிடும் தொழிலாளர் நிறைந்த வாணியம்பாடியில் அதுதான் நடந்தது.

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, வட தமிழ்நாட்டில் 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்னும் நோய் மூளையைத் தாக்கியது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குச் சென்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவரே.

இந்தக் கிருமி புதிதல்ல. 1911-ல் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் இதைக் கண்டுபிடித்தார்கள். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. கடன் கொடுக்கும் வட்டிக்காரனைப் போல, நாம் தளர்ந்த நேரம் பார்த்துப் புகும். சர்க்கரை வியாதிக்காரர், சிறுநீரக நோயாளி, காலில் புண்ணோடு நாற்று நடும் கூலி ஆள், இவர்களே அதற்கு முதல் இரை.

வயலில் கிடந்த கிருமியைச் சிகிச்சை அறைக்குள் வளர விட்டது யார்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் மற்றவர்களும் துருவி ஆராய்ந்தார்கள். வாய் கழுவும் சலைன் பாட்டிலை, சுத்திகரிக்காத அறுவைக் கருவியால் திறந்திருக்கிறார்கள். மிச்சத்தைப் பஞ்சால் மூடி வைத்து அடுத்த நோயாளிக்கும் ஊற்றியிருக்கிறார்கள். உபயோகத்திலிருந்த பாட்டிலிலேயே கிருமி அகப்பட்டது! ஒரு பாட்டில் சலைனின் விலை என்ன, எட்டு உயிரின் விலை என்ன?

ஆய்வு அச்சில் வந்தது 2025-ல். அதற்குள் எட்டுக் குடும்பங்கள் அழுது ஓய்ந்துவிட்டன.

தருவைகுளத்திலிருந்து வாணியம்பாடி வெகு தூரம்தான். ஆனால் சலைன் பாட்டிலும் ஊசி மருந்தும் இங்கும் உண்டு. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது; அது இன்னும் பெரிய ஆபத்து. இந்நோயைக் காசநோய் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. காலத்தில் கண்டுபிடித்தால், தகுந்த மருந்தை ஊசி மூலமும் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையாகவும் கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: திறந்த பாட்டில் ஒரு நோயாளிக்கு மட்டுமே. கருவிகளை ஒவ்வொரு முறையும் நீராவியில் சுத்திகரிக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்க வேண்டும். இப்படிச் சாவு நேர்ந்தால் உடனே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். சேற்றில் இறங்குவோருக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

தோழர்களே! "இந்தப் பாட்டிலை இப்போதுதான் திறந்தீர்களா?" என்று கேட்க நாம் கூச வேண்டியதில்லை. அது நம் உரிமை. ஒருவராகக் கேட்டால் அதட்டுவார்கள். ஊராகத் திரண்டு கேட்போம்!