சுடுகாட்டு வழியும் ஊர்த்தெருவும்

(திரையிடலுக்குப் பின் நடந்த உரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு தோழர் கேட்டார்: "சாதி ஒழிப்புப் பேசுகிற இடத்தில் பேய்ப் படம் எதற்கு?" நியாயமான கேள்விதான். எனக்குப் பேய்ப் படமும் பிடிக்கும், சண்டைப் படமும் பிடிக்கும். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் அப்பா ஊருக்குச் சுடுகாட்டு வேலை செய்தவர். குழி வெட்டுவார், பிணம் எரிப்பார். எங்கள் காலனியிலிருந்து டூரிங் டாக்கீஸுக்குக் குறுக்கு வழி சுடுகாடுதான். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு அந்த வழியாகத்தான் திரும்புவோம். திரையில் நாய் ஊளையிட்டு, மயானத்தில் வெள்ளைச் சேலை நடந்தால் கொட்டகையே அலறும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் நாங்கள் சிரிப்போம். அது அப்பா வேலை பார்க்கிற இடமல்லவா! எங்களுக்குப் பயமான வழி வேறு. பகலிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஊர்த்தெரு. அந்தத் தெருவை நாங்கள் பார்த்த எந்தப் பேய்ப் படமும் காட்டவில்லை.

இன்று பார்த்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' அதைக் காட்டுகிறது என்பதுதான் என் கட்சி. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது. பென் என்ற கறுப்பின மனிதனாக டுவேன் ஜோன்ஸ் நடித்தார். இரவெல்லாம் நடைப்பிணங்களோடு போராடி, அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் பிழைக்கிறான். விடிகிறது. துப்பாக்கியோடு பிணங்களை ஒழிக்க வந்தவர்கள் சன்னலில் அவனைப் பார்த்ததும் சுட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு படம் அசைவதுகூட இல்லை. பத்திரிகைப் புகைப்படம் போல, புள்ளி புள்ளியாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. கொக்கி. உடல். விறகுக் குவியல்.

பென் கறுப்பராக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை, ஜோன்ஸ் நன்றாக நடித்ததால் எடுத்தோம் என்றுதான் ரொமேரோ சொல்லிவந்தார். இருக்கட்டும். அந்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அக்டோபரில் படம் வந்தது. பிணத்திடமிருந்து தப்பித்தவன், விடிந்த பிறகு வருகிற மனிதர்களிடம் மாட்டிக்கொள்கிறான். இந்தப் பயம் எனக்குத் தெரியும்.

சண்டைப் படத்துக்கு வருகிறேன். புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி', 1972. எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் படம் முழுக்க மழை பெய்தது. மொழியும் புரியவில்லை. ஷாங்காயில் ஒரு பூங்கா வாசலில் பலகை. எங்களில் கொஞ்சம் படித்தவன் சத்தமாக வாசித்தான்: நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை. கூட்டம் ஒரு நொடி அமைதியானது. அந்தப் பலகையை அவர் காலால் உதைத்து நொறுக்கினார் பாருங்கள், அன்று நான் அடித்த விசிலுக்கு இரண்டு நாள் தொண்டை கட்டியது.

அப்படி ஒரே வரியில் எழுதிய பலகை உண்மையிலேயே இருந்ததா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். விதிகளில் நாய்க்குத் தனி எண் இருந்தது, சீனர்களை 1928 வரை உள்ளே விடவும் இல்லை. எங்கள் ஊர் டீக்கடையிலும் பலகை கிடையாது. தனி கிளாஸ் இருந்தது, அவ்வளவுதான். உதைப்பதற்கு எங்களுக்கு ஒரு பலகைகூட இல்லை.

வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 90களில் அரிவாளும் மீசையுமாக, ஊர்ப்பெருமை பேசி வந்த படங்களுக்கும் நான் இதே விசிலை அடித்திருக்கிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். சண்டை நன்றாக இருந்தது, அடித்தேன். அந்த அரிவாள் யாரை நோக்கி என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஒரு திருவிழாவில் அதிலொரு பாட்டை எங்கள் காலனி வாசலில் நிறுத்தி, ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்துப் போட்டார்கள். அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே சண்டைப் படம் என்றாலே நம்முடையது என்று நான் சொல்ல வரவில்லை.

புரூஸ் லீ படமும் துப்பாக்கியில்தான் முடிகிறது. வாசலில் வரிசையாகத் துப்பாக்கிகள்; அவர் ஓடி வந்து எகிறுகிறார்; படம் அப்படியே உறைகிறது; வெடிச்சத்தம் கேட்கிறது. பென்னின் உடலை எரித்தார்கள், இவரோ அந்தரத்திலேயே நிற்கிறார். அன்று சுடுகாட்டு வழியாகத் திரும்பும்போது, செத்துப்போய்விட்டார் என்று நான் சொன்னேன். பலகையை வாசித்த நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கேட்டாலும், "சத்தம்தானே கேட்டது, விழுந்ததைக் காட்டினானா?" என்பான்.