கம்பெனி தர்மமும் ஆட்டிசம் பிள்ளைகளும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



படிக்கிற காலத்தில் இந்த மேடையில் நான் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் மைக் செட்டுக்கு வயர் இழுக்க. இன்று செயலாளர் அண்ணன் பேசவே கூப்பிட்டுவிட்டார். ஏப்ரல் 2ஆம் தேதி, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளில், நம் சங்கம் ஒரு நடைப்பயணம் நடத்தலாம், கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருக்கும் நம்மவர்கள் மூலமாக ஸ்பான்சர் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்க ஃபேக்டரியில சி.எஸ்.ஆர். வேலையெல்லாம் பார்த்தவன்தானே நீ, ஆதரிச்சு நாலு வார்த்தை பேசு" என்றார். ஆதரித்துத்தான் பேசினேனா என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2018 ஏப்ரல் 2ஆம் தேதி எங்கள் ஃபேக்டரியிலும் அந்த நாளைக் கொண்டாடினோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. எல்லோருக்கும் நீல டி-ஷர்ட், வாசலில் நீல பலூன் வளைவு, ஒரு சிறப்புப் பள்ளியிலிருந்து இருபது பிள்ளைகளை பஸ் வைத்து அழைத்து வந்தோம். வரவேற்புக்கு பேண்டு வாத்தியம் வேறு. டிரம் அடித்த அடியில் இரண்டு மூன்று பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உயரமாக வளர்ந்த ஒரு பையன் நேராக ஓடிப்போய் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான். போட்டோவுக்காக மேனேஜிங் டைரக்டர் காத்திருக்கிறார். நான் குனிந்து, "வாப்பா, ஒரே ஒரு போட்டோ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். அவன் என் கையைக் கடித்துவிட்டான்.

அவனுடைய அம்மா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியது நான். எல்லாம் முடிந்து பஸ் ஏறும்போது அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது இது: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்கு அடுத்த மாசம் இருபத்தொண்ணு முடியுது. இனிமே ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்க. உங்க ஃபேக்டரியில இவன் செய்யற மாதிரி ஏதாவது வேலை இருக்குமா? சம்பளம் கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல. காலையில எழுந்து போறதுக்கு ஒரு இடம் வேணும்."

"ஹெச்.ஆர்.ல கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு ஷீல்டும் பிள்ளைக்கு ஒரு டிபன் பாக்ஸும்.

ஆட்டிசம் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைத் தமிழில் மன இறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, ஏதோ டென்ஷன் போல, இரண்டு நாள் ஊட்டிக்குப் போனால் சரியாகிவிடும் போலத் தொனிக்கிறது. இது வியாதி அல்ல, மூளை வளர்கிற விதத்திலேயே இருக்கிற வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுவது, சத்தம் வெளிச்சம் தொடுகை இவற்றைத் தாங்குவது எல்லாம் வேறு மாதிரி இருக்கும். சிலர் சரளமாகப் பேசுவார்கள், சிலர் பேசவே மாட்டார்கள். சினிமாவில் வருவது போல எல்லோரும் கணக்குப் புலிகளும் இல்லை.

இப்போது கம்பெனிப் பணத்துக்கு வருகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சராசரி லாபம் 50 கோடி என்றால் ஒரு கோடி ரூபாய். எதற்குச் செலவழிக்கலாம் என்ற ஏழாவது அட்டவணையில் சிறப்புக் கல்வியும், மாற்றுத் திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சியும் தெளிவாகவே இருக்கின்றன. ஆக, சிறப்பு ஆசிரியர் சம்பளம், பேச்சுப் பயிற்சி, பள்ளி முடித்தவர்களுக்கு ஒரு பயிற்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம். கொடுக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன, குறை சொல்லக் கூடாது.

ஆனால் இரண்டு சங்கதிகள். ஒன்று, 2014 ஜூனிலேயே கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மராத்தான் மாதிரி ஒரு நாள் கூத்தெல்லாம் இந்தக் கணக்கில் சேராது, திட்டம் போட்டுத் தொடர்ந்து செய்வதுதான் சேரும் என்று. நீல டி-ஷர்ட் போட்ட எனக்கு இது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். நம் நடைப்பயணத்துக்கு ஸ்பான்சர் பிடிக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சங்கதி அதைவிட முக்கியம். அந்த அம்மா கேட்டது சம்பளம். 2021 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி, கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்குப் பயன்படுகிற செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. அதாவது அந்தப் பையனுக்குப் பயிற்சி கொடுக்க தர்மக் கணக்கில் பணம் உண்டு, அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள அந்தக் கணக்கில் ஒரு பைசா கிடையாது. அது புரொடக்‌ஷன் மேனேஜரின் பட்ஜெட்டில் இருந்துதான் வர வேண்டும். சட்டத்தைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சம்பளம் தர்மம் இல்லையே! ஆனால் ஷீல்டு கொடுக்க வரும் அதிகாரியும் ஆள் எடுக்கும் அதிகாரியும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. எங்கள் கம்பெனியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான்.

சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடம் கிடைத்ததே தாமதம். 1995ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகள்தான், அதில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகைகள் ஆயின, ஆட்டிசமும் வந்தது. அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு. அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்ற வேலைகள் எவை என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும். இங்கே சொந்தமாகப் பட்டறையும் கம்பெனியும் நடத்துகிற அண்ணன்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேரிடம் அந்தப் பட்டியல் இருக்கிறது என்று கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

தர்மக் கணக்கைத் தாண்டி யோசித்தவர்கள் உண்டு. டென்மார்க்கில் டோர்கில் சோன்னெ என்பவர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். மகனுக்கு ஆட்டிசம். 2004இல் 'ஸ்பெஷலிஸ்டெர்ன' என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனை போன்ற வேலைகளுக்கு எடுத்தார். அவர் செய்த நல்ல காரியம், இன்டர்வியூவை மாற்றியது. எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக லெகோ ரோபோவைக் கையில் கொடுத்துச் செய்ய விட்டுப் பார்த்தார்கள். 2013இல் ஜெர்மனியின் சாப் கம்பெனி இவர்களோடு சேர்ந்தது. பெங்களூரில் ஆறு பேரைச் சோதனை வேலைக்கு எடுத்தது. 2020க்குள் மொத்த ஊழியர்களில் ஒரு சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள், எட்டவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அது சுலபமாக இல்லை.

இன்டர்வியூ என்றதும் நம் கேம்பஸ் செலக்‌ஷன்தான் ஞாபகம் வருகிறது. குரூப் டிஸ்கஷனில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துவோம். அதற்கப்புறம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வால்வு டிராயிங்கில் தப்பு கண்டுபிடிக்கிற வேலைக்கு இதெல்லாம் எதற்கு? இப்போது நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

எங்கள் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். 2019இல், ஒரு வருஷம் கழித்து, வெட்கத்தோடு அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். ஸ்டோர்ஸில் கிட் போடுகிற வேலை. ஒரு டிரேயில் இன்ன போல்ட் ஆறு, இன்ன கிளிப் நாலு, இன்ன வாஷர் பத்து என்று எண்ணி அடுக்கி லைனுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பையனையும் அதே பள்ளியில் படித்த இன்னொருவனையும் எடுத்தோம். கம்ப்ரஸர் சத்தம் கேட்காத மூலைக்கு மேஜையை மாற்றினோம். பாகங்களின் போட்டோ ஒட்டிய அட்டை செய்தோம். சைரன் ஊதுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் அண்ணன் வந்து ஒரு சிவப்பு அட்டையைக் காட்டுவார், அவ்வளவுதான் ஏற்பாடு. போட்டோ அட்டையை மற்ற ஒப்பந்தத் தொழிலாளர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுத் தம்பிகளுக்கு அது ரொம்ப வசதி.

இரண்டாவது பையன் எட்டாவது மாதம் நின்றுவிட்டான். லே-அவுட் மாற்றினோம், அவனுடைய மேஜையை ஒரே ராத்திரியில் வேறு பக்கம் போட்டோம், அவனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் வந்தவன் மேஜை இருந்த இடத்திலேயே நின்று அழுதான். பிறகு வரவில்லை. இரண்டு நாள் முன்னால் ஒரு படம் வரைந்து காட்டியிருந்தால் போதும் என்று அவன் டீச்சர் சொன்னார். மெஷினை நகர்த்த நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினேன், அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

முதல் பையன் இன்றைக்கும் இருக்கிறான். பி.எஃப். பிடிக்கிறோம். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டான், என் கையை ஒரு தடவை பார்ப்பான்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். நடைப்பயணம் வேண்டாம் என்று பெரியவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வயசு போதாது. நடக்க ஆசைப்படுகிறவர்கள் நடக்கலாம், பேண்டு மட்டும் வேண்டாம். ஸ்பான்சர் கேட்கப் போகும் கம்பெனியில் சி.எஸ்.ஆர். அதிகாரியைப் பார்த்துவிட்டு, அப்படியே மாடி ஏறி ஹெச்.ஆரையும் பாருங்கள். அங்கே காசு கேட்க வேண்டாம், ஒரு மேஜை, ஒரு வேலை கேளுங்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் ஃபைனல் இயர் பிராஜெக்டாக ஜிக்ஸும் கிட் டிரேயும் செய்து கொடுத்தால் நான் என் ஸ்டோர்ஸில் சோதித்துப் பார்க்கிறேன். அந்த இரண்டாவது பையன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். அவன் வீட்டுப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், சாப்பாட்டு இடைவேளையில் நான் வாசல் பக்கம் நிற்கிறேன், வந்து பாருங்கள்.