வயதுவந்தோரும் பல்கலைக்கழக வாயிலும்: ஜப்பானிய அனுபவமும் பிரிஞ்சாங் தோட்டப்புறமும்

பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தி உழைக்கச் சென்றவர் நாற்பது வயதில் மீண்டும் கற்க விரும்பினால், பல்கலைக்கழகம் அவருக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்னும் வினா, மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களிலும், மலையூராகிய பிரிஞ்சாங்கை அடுத்த சுங்கை பாலாஸ் பகுதியிலும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின், வேற்றுமொழியில் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. மொழிமாற்றமும் தொலைவும் வறுமையும் ஒன்றுசேர்ந்து, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம்.-ஐ எட்டுமுன்னரே பலரைக் கொழுந்துக் காட்டுக்கு அனுப்பிவிட்டன.

இவ்வினாவுக்கு ஜப்பான் கண்ட விடை ஆராயத்தக்கது. பதினெட்டு வயது மாணவரையே கருத்திற்கொண்டு நுழைவுத்தேர்வு நடத்திவந்த அந்நாட்டில், 1979இல் ரிக்கியோ பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு, பணியிலிருப்போருக்கெனத் தனிச் சேர்க்கைமுறையை ஏற்படுத்தியது. 1983இல் நிறுவப்பட்டு 1985இல் மாணவரைச் சேர்த்த ஜப்பான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வையே விலக்கி, வானொலி, தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தியது. அங்கு மேல்நிலைப்பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் தனிப்பாடங்களில் சேர்ந்து, குறிப்பிட்ட 16 பாடமதிப்புகளைப் பெற்றால் பட்டப்படிப்பு மாணவராகலாம். பாடமதிப்பு என்பது படித்துத் தேறிய பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு. பட்டம் பெற 124 அலகுகள் தேவை. படிக்கும் தகுதி உண்டா என்பதைப் படிப்பினாலேயே மெய்ப்பிக்க இடமளிப்பது இம்முறையின் சிறப்பாகும்.

ஆயினும் வாயில் திறந்ததனால் மட்டும் வயதுவந்தோர் திரண்டு வந்துவிடவில்லை. இளங்கலைப் படிப்பில் புதிதாகச் சேர்வோருள் இருபத்தைந்து வயதைக் கடந்தோரின் பங்கு, வளர்ந்த நாடுகள் பலவற்றைவிட ஜப்பானில் மிகக் குறைவு. நீண்ட வேலைநேரமும், இடையில் பெற்ற பட்டத்தைப் பதவி உயர்வுக்குப் பெரிதாகக் கருதாத நிறுவன வழக்கமும் இதற்குக் காரணங்களாகும். சட்டம் தரும் உரிமை, ஓய்வுநேரமும் மதிப்பும் துணை நின்றாலன்றிப் பயன்தராது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

மலேசியாவில் 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பின்னர்ப் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. மலேசியத் தகுதி முகமை நடைமுறைப்படுத்திய 'ஏப்பல்' என்னும் முறை, வேலையிலும் வாழ்விலும் பெற்ற அறிவை மதிப்பிட்டுச் சேர்க்கைத் தகுதியாக ஏற்கிறது. இவ்வழியில் இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர் இருபத்தொரு வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். கொழுந்தின் முதிர்ச்சியறிந்து பறிப்புச் சுற்றை வகுக்கும் மேற்பார்வையாளராகிய மண்டோரும், வாட்டுதல் முதல் உலர்த்துதல் வரை இலையின் பக்குவம் காக்கும் ஆலைத் தொழிலாளியும் பெற்றுள்ள அறிவு, இம்முறை தேடும் அறிவே ஆகும். ஆனால் அவ்வறிவைச் சான்றுகளோடு தொகுத்து எழுதவும், தகுதித்தேர்வை எதிர்கொள்ளவும் மொழிப்பயிற்சியும் வழிகாட்டுதலும் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அவை தாமாகக் கிட்டுவதில்லை.

ஆகவே பிரிஞ்சாங்குக்குத் தேவையானவை மூன்று. முதலாவது, சான்றுத்தொகுப்பு எழுதத் தமிழில் விளக்கி, மலாயிலும் ஆங்கிலத்திலும் பயிற்சி தரும் மாலை வகுப்பு. அதற்குத் தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களே போதும். இரண்டாவது, ஜப்பானில் உள்ளதுபோல், சிறு பாடங்களில் தேறிப் படிப்படியாகப் பட்டப்படிப்புக்கு ஏறும் வழி. மூன்றாவது, படிக்கும் தொழிலாளிக்கு நிர்வாகம் தேர்வு விடுப்பும், பட்டத்துக்குரிய பதவியும் அளித்தல். கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கென விதிகளுக்குட்பட்டுப் பணம் எடுக்க இடமுண்டு என்பதையும் தொழிலாளர் அறிந்திருத்தல் வேண்டும். கல்விக்கென நிறுவப்பட்ட அறக்கட்டளைகள், சிறந்த மதிப்பெண் பெற்ற இளையோருக்குப் பரிசளிப்பதோடு நில்லாமல், அவர்களைப் படிக்கவைக்கத் தம் படிப்பைத் துறந்த பெற்றோருக்கும் ஆண்டுதோறும் சில இடங்களை ஒதுக்க முன்வருதல் வேண்டும்.