பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்



மணலியிலோ கடலூர் சிப்காட்டிலோ இருக்கும் ஒரு ரசாயன ஆலையிலிருந்து போன் வரும். "பம்ப் சீல் லீக் ஆகுது, உடனே வாங்க சார்." போய் இறங்கியதும் முதல் கேள்வி, "எப்போ ஓட்டலாம்?" ஏன் கெட்டது என்று கேட்பவர் அபூர்வம். எங்களைப் போன்ற சர்வீஸ் இன்ஜினியர்களுக்கு இது பழகிவிட்டது.

சீல் என்பது பம்பிலிருந்து திரவம் கசியாமல் தடுக்கும் இரண்டு வளையங்கள். பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றது சிலிக்கான் கார்பைடு. ஒன்று சுழலும், மற்றது நிற்கும். இடையில் பம்ப் இறைக்கும் திரவமே சுமார் 1 மைக்ரான் கனத்தில் படலமாக நின்று, இரண்டும் தேயாமல் காக்கும். கெட்டுப்போன வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முகத்தில் சக்கரத்து ஆரக்கால் மாதிரி மெல்லிய விரிசல்கள் ஓடினால், பம்ப் திரவமில்லாமல் காய்ந்து ஓடியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உடனே பழி நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் தலையில் விழும். டேங்கில் திரவம் குறைந்தால் ஒலிக்க வேண்டிய அலாரம் வேலை செய்ததா என்று கேட்டால், அறையில் பேச்சு நின்றுவிடும்.

இதெல்லாம் கழற்றிய பிறகு. கழற்றுவதற்கு முன்னால் நடப்பதில்தான் உயிர் இருக்கிறது. வால்வை மூடியாச்சு என்றால் நாங்கள் நம்புவதில்லை. பழைய வால்வு 'பாஸ்' ஆகும், அதாவது மூடிய பிறகும் திரவத்தை விடும். பைப்பை அடைக்கும் பிளைண்டு தகடு போட்டிருக்கிறதா, உள்ளே இருந்ததை வடித்துக் கழுவியிருக்கிறார்களா, மோட்டார் ஸ்விட்சில் பூட்டு தொங்குகிறதா, அதன் சாவி யார் பையில் இருக்கிறது? அதற்கப்புறம்தான் ஸ்பேனர். அப்போதும் நமக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். மிச்ச அழுத்தம் இருந்தால் அமிலம் அந்தப் பக்கம் பீச்சும், நம் முகத்தில் அல்ல. கல்லூரிப் புத்தகத்தில் இதைப் படித்த ஞாபகம் இல்லை. வயதான ஃபிட்டர்கள் சொல்லித் தந்தது.

கையெழுத்துப் போட்ட பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் தொடக்கூடாது. வெறும் காகிதம்தானே என்று அலுத்துக்கொள்பவர்களுக்குப் பைப்பர் ஆல்ஃபாவைச் சொல்வேன். ஸ்காட்லாந்தை ஒட்டிய வடகடலில் இருந்த எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6 அன்று, ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த வாயில் ஒரு தகட்டைப் பொருத்திவிட்டுப் போனார்கள். இரவில் இன்னொரு பம்ப் நின்றது. வால்வு கழற்றிய பம்பின் பராமரிப்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்குத் தனியாக ஒன்று. இரவு ஷிஃப்டுக்கு முன்னது மட்டுமே தெரியும். அந்தப் பராமரிப்போ இன்னும் தொடங்கவில்லை. வால்வு இருந்த இடம் பம்ப் பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பம்பை ஓட்டினார்கள். தகட்டின் விளிம்பில் கசிந்தது தீப்பற்றி வெடித்தது. இறந்தவர்கள் 167 பேர்.

அதனால் வேலை பாதியில் நிற்கும்போது ஷிஃப்ட் மாறினால், பெர்மிட்டை மேசைமேல் வைத்துவிட்டு நான் கிளம்புவதில்லை. புதிதாக வந்த ஆபரேட்டரைக் கையோடு கூட்டிப்போய், திறந்து கிடக்கும் பம்பைக் காட்டுவேன். "எழுதியிருக்கே சார், பார்த்துட்டேன்" என்பார். இருக்கட்டும் தம்பி, ரெண்டு நிமிஷம் வந்து பாருங்க என்பேன்.