ஆற்றில் வரும் கப்பல்

கடலைக் காணாத ஊரில் கப்பல் பார்க்கலாம் வாருங்கள் என்று நான் அழைத்தபோது என் தந்தையார் நகைத்தார். அவர் நாகப்பட்டினத்தில் பிறந்து கடற்கரையிலேயே வளர்ந்தவர். சென்ற மார்கழியில் சில வாரங்கள் என்னுடன் தங்குவதற்காகக் கொல்கத்தா வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சியால்தாவில் ரயிலேறி, பஜ்பஜ் என்னும் ஆற்றங்கரை ஊருக்கு அவரை அழைத்துச் சென்றேன். மேல்நாட்டிலிருந்து மீண்ட சுவாமி விவேகானந்தர், சென்னையில் கப்பலேறி, 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்திறங்கியது இவ்வூரில்தான்.

பஜ்பஜில் எண்ணெய்க் கப்பல்களுக்கென்றே துறைமேடைகள் உள்ளன. நாங்கள் சென்ற வேளையில் அங்கே ஒரு கப்பல் கட்டப்பட்டிருந்தது. எண்ணெய் இறங்க இறங்கக் கப்பல் மேலெழும். அது வரை நீருக்குள் மறைந்திருந்த செந்நிற அடிப்பாகம் ஆள் உயரத்திற்கு வெளியே தெரிந்தது. தந்தையார் நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவு பெரியது இந்த ஆற்றுக்குள் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

கேட்கத் தக்க கேள்விதான். ஹூக்ளி கங்கையின் ஒரு கிளை. கடல் முனையிலிருந்து கொல்கத்தாவின் கப்பல் துறைகளை அடைய இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் வரவேண்டும். வழியெல்லாம் மணல் திட்டுகள். அவையும் நிலையாக நில்லாமல் இடம் மாறுவன. தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் ஹூக்ளியோடு கலக்கும் பகுதியிலுள்ள மணல் திட்டுகளுக்கு 'ஜேம்ஸ் அண்டு மேரி' என்று பெயர். 1694ஆம் ஆண்டில் அங்கே அழிந்த ஒரு கப்பலின் பெயர் அது.

ஆகவே, உலகம் முழுவதும் சுற்றி வந்த கப்பல் தலைவரும் இங்கே தாமாக நுழைய முற்படுவதில்லை. ஆற்றை அறிந்த ஒருவர் கடல் முனையிலேயே கப்பலில் ஏறுகிறார். அவரைப் 'பைலட்' என்கிறோம். அலுவலகத்தில் ஒருமுறை இச்சொல்லைத் தமிழாக்க நேர்ந்தபோது 'மீகாமன்' என்று எழுதினேன், பின்னர் அடித்துவிட்டேன். மீகாமன் கப்பலுக்கு உரியவன். இவரோ ஆற்றுக்கு உரியவர். 'துறை வழிகாட்டி' என்று திருத்தினேன். வழிகாட்டி ஏறியதும் வெள்ளையும் சிவப்பும் சரிபாதியாக அமைந்த கொடி கப்பலில் ஏறும். கரையில் நின்று பார்ப்போர் அதனைக் கொண்டு அறியலாம்.

வழிகாட்டி இருந்தாலும் தண்ணீர் வேண்டுமே! நாளொன்றுக்கு இருமுறை கடல் ஓதம் ஆற்றுக்குள் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கணக்கிட்டே கப்பல்கள் திட்டுகளைக் கடக்கின்றன. வண்டலைத் தோண்டி அகற்றும் கலங்கள் ஓயாமல் உழைக்கின்றன. கங்கை நீரை இக்கிளைக்குத் திருப்புவதற்காக 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியது. பெரிய கப்பல்களுக்காகக் கடலுக்கு அண்மையில் ஹல்தியாவில் அமைத்த துறை 1977இல் திறக்கப்பட்டது. அங்கும் ஆழம் போதவில்லை. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமும், நீருக்குள் இருபது மீட்டர் ஆழமும் கொண்ட இன்றைய மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் ஹூக்ளியைக் காண்பதே இல்லை. பாரதீப்பின் அருகே நடுக்கடலில் மிதவையில் கட்டப்பட்டு எண்ணெயை இறக்கிவிடுகின்றன. அது குழாய் வழியாக ஹல்தியா சுத்திகரிப்பு ஆலையை அடைகிறது.

இதனைச் சொல்லும்போது புறநானூற்றின் முப்பதாம் பாட்டு நினைவுக்கு வருகிறது. பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலங்கள் காவிரியின் புகாருக்குள் புகுந்ததாக அங்கே புலவர் பெருமையோடு பாடுகிறார். அத்தகைய ஆழம் வாய்ந்த புகார்த் துறை இன்று இல்லை. ஆழமற்ற ஹூக்ளியில், துறைமுகத்திற்கென ஆணையர் குழு அமைந்த 1870ஆம் ஆண்டு முதல் எண்ணினாலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துறைமுகம் நடக்கிறது. இயற்கை தந்ததை நம்பி இருந்துவிடாமல், நாள்தோறும் ஆழம் அளந்து, வண்டல் வாரி, வந்தவனுக்கு வழிகாட்டும் மனிதரால் அது நடக்கிறது.

பகல் ஏறியது; நீரும் ஏறியது. சரக்குக் கப்பலொன்று கிதர்பூர் நோக்கி மெல்ல வந்தது. இருநிறக் கொடி பறந்தது. கப்பல் கரைக்கு அண்மையாக வந்ததால் மேல்தளத்தில் நின்றவர்களின் முகம் தெரிந்தது.

தந்தையார் அப்போது சொன்னார்: "நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. எங்கேயோ நிற்கும். உன் பெரியப்பா பினாங்குக்குப் போன அன்று படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 'ரஜூலா' ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அண்ணன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்றே தெரியவில்லை. அதனால் நான் கையசைக்கவில்லை."

பெரியப்பா திரும்பி வரவில்லை. சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. இவ்வளவு காலத்தில் தந்தையார் அதைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான்.

தளத்தில் நின்ற மாலுமி ஒருவன், எந்த நாட்டவனோ, எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். எழுபது வயதைக் கடந்த என் தந்தையார் எழுந்து நின்று, கப்பல் வளைவில் மறையும்வரை கையசைத்துக்கொண்டே இருந்தார்.

நேயர்களே, ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழ்பவர்கள் நாம். நம்மில் ஒவ்வொருவருக்கும் முதன்முதலில் வழிகாட்டிய ஒருவர் இந்த ஊரில் இருந்திருப்பார். புறப்பட்ட இடத்தில் கையசைக்க இயலாமல் நின்ற ஒருவரும் இருப்பார். அடுத்த விடுமுறையில் அவ்விருவரையும் சென்று காணுங்கள்.